காந்தத்தில் ஒட்டாத பட்டி

கண்டி ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையிலிருந்து மாட்டு வண்டியில் எங்கள் கடைக்கு வந்து இறங்கும் சாமான்களில் எனக்கு மிகவும் பிடித்தது இரும்புப் பட்டிச் சுருள்தான். ஆணியும் கீலும் பூட்டும் பெட்டிக்குள் அடைபட்டு வரும். பட்டி மட்டும் எதற்குள்ளும் ஒளியாமல், சுருட்டி வைத்த பாய்போல, நீலம் கலந்த கறுப்பு நிறத்தில் வரும். இரண்டு விரல் அகலம்; அரைச்சதக் காசின் கனம். அதன் கழுத்தில் ஒரு தகரச் சீட்டுத் தொங்கும். அதில் சில வேளை ஆங்கில எழுத்து இருக்கும், சில வேளை எனக்கு வாசிக்கத் தெரியாத வேறு ஐரோப்பிய பாஷை இருக்கும். அந்தச் சீட்டுகளை நான் எறிவதில்லை. கம்பியில் கோத்து, நான் உட்காரும் கதிரைக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தேன்.

அந்தப் பட்டி தேயிலைப் பெட்டிகளின் விளிம்பில் அடிப்பதற்கு. மலையில் எத்தனையோ தோட்டங்கள். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் பெட்டி பெட்டியாகத் தேயிலை கொழும்புக்கு இறங்கி, கப்பலேறிச் சீமைக்குப் போகும். சீமையில் காய்ச்சி உருட்டிய இரும்பு கப்பலில் கொழும்புக்கு வந்து, கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்க மேலே ஏறி, என் கையால் நிறுக்கப்பட்டு, தோட்டத்துப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போகும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் சுருளை நிறுத்துக்கொண்டிருந்தபோது தானாகவே தோன்றியது. அன்று முழுவதும் அது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஏழாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் காது சிவந்துவிடும். இன்றும் அப்படித்தான், அதனால்தான் சொல்லாமல் எழுதுகிறேன்.

கடை முதலாளி அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம். காலையில் முதல் பஸ்ஸில் வந்து, பொழுது சாயும் முன் கடையைப் பூட்டிக்கொண்டு திரும்பிப் போவார். உயரமான, பெரிய குரலுள்ள மனிதர். நியாயம் என்று அவருக்குப் பட்டதைச் சொல்லும்போது அந்தக் குரல் தெருவின் அடுத்த கோடி வரை கேட்கும். கடை நடுவில், தராசுக்குப் பக்கத்தில், ஒரு லாடக் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பல வருடங்களுக்கு முன் எவனோ ஒருவன் இரும்புக் கீல்களுக்குப் பித்தளை முலாம் பூசிப் பித்தளை என்று இவருக்கு விற்றுவிட்டான். அவற்றை வாங்கிய ஒருவர் மழைக்காலத்துக்குப் பிறகு துருவேறிய கீலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அன்றிலிருந்து கடைக்குள் எந்த உலோகம் வந்தாலும் முதலில் காந்தம். வாங்க வருகிறவர்களும் பழகிவிட்டார்கள். "காந்தத்தில வச்சுப் பாத்தீங்களா நானா?" என்று முதலாளியைக் கேட்டுவிட்டுத்தான் பையை விரிப்பார்கள்; நானா என்றால் முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். கீழே கொட்டிய ஆணிகளைப் பொறுக்கவும் அதே காந்தத்தைத்தான் நான் கழற்றி எடுப்பேன்.

கொழும்பில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியின் ஏஜன்ட் செவ்வாய்க்கிழமைகளில் வருவார். யாழ்ப்பாணத்தவர், ஐம்பதை நெருங்கியவர். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, சாமான் படங்கள் நிறைந்த ஒரு தடித்த புத்தகம். நான் அவரை ஐயா என்பேன். அவர் பேசினால் நான் வேலையை மறந்துவிடுவேன்.

"தம்பி, உந்தப் பட்டி எப்பிடி வருகுது எண்டு தெரியுமே? இரும்பைச் செக்கச் செவேலெண்டு காய்ச்சி, ரெண்டு உருளைக்கு நடுவில விடுவினம். அது மற்றப் பக்கத்தால பாம்பு மாதிரிப் பாஞ்சு வரும். அங்க ஒருத்தன் இடுக்கியோட நிப்பான். தலையைக் கபக்கெண்டு பிடிச்சு அடுத்த உருளைக்குள்ள திருப்பி விடுவான். ஒரு கணம் பிந்தினா, ஆளைச் சுத்திப்போடும்."

"நீங்க பாத்திருக்கீங்களா ஐயா?"

"எங்க பாக்கிறது! கொழும்பைத் தாண்டி நான் கப்பலே ஏறேல்லை. படத்திலதான் கண்டனான்."

அதை ஒளிக்காமல் சொன்னார் பாருங்கள், அதனால்தான் எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது.

தேயிலை விலை சரிந்த வருடங்கள் வந்தன. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். கொழும்புக் கம்பனிகளிலும் குறைத்தார்கள். ஏஜன்ட் ஐயாவின் புத்தகத்தில் அப்போதுதான் ஒரு புதிய பக்கம் சேர்ந்தது. துருப்பிடிக்காத உருக்கில் உருட்டிய பட்டி. துருப்பிடிக்காத மேசைக்கத்தி எங்கள் கடையிலேயே இருந்தது. துரைமார் வீட்டுச் சமையல்காரர்கள் வாங்குவார்கள். ஆனால் பட்டியாக அதை யாரும் கண்டதில்லை. கம்பனியும் வரவழைக்கத் தயங்கியது. ஏஜன்ட் ஐயாதான், கண்டியில் அதற்கு இடமிருக்கிறது என்று தன் வாயால் உறுதி சொல்லி மூன்று சுருளுக்கு ஓடர் போட வைத்தார்.

இடம் இருந்தது உண்மை. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டீமேக்கர், தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்பவர், எங்கள் பழைய வாடிக்கைக்காரர். தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டிக் கசக்கும் மேசைக்கு விளிம்புப் பட்டி தேவை என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரும்பு போட்டால் தேயிலைச் சாறு பட்டுக் கறுத்து, அந்தக் கறுப்பு தேயிலையிலும் ஏறிவிடும். பித்தளை போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும். "கறுக்காத இரும்பு ஒண்ணு வருதுன்னு தொரைக்கிட்ட சொல்லிட்டேன். என் மானத்தைக் காப்பாத்துங்க," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சுருள்கள் ஒரு வியாழக்கிழமை வந்தன. வண்டியிலிருந்து இறக்கும்போதே முதலாளியின் முகம் மாறியது. நாங்கள் எல்லோரும் கத்தியைப்போல் பளபளவென்று ஏதோ வரப்போகிறது என்று நினைத்திருந்தோம். வந்ததோ சாம்பல் பூத்த வெள்ளை. மங்கல். ஈயத்தட்டை ஞாபகப்படுத்தும் நிறம்.

முதலாளி காந்தத்தைக் கயிறோடு இழுத்துப் பட்டியின் மேல் வைத்தார். கையை எடுத்தார். காந்தம் வழுக்கிக்கொண்டு ஊஞ்சல்போல ஆடியது.

"எனத்தயன் இது?" என்ன சாமான் என்று என்னைப் பார்த்தார்.

மறுபடி வைத்தார். மறுபடி ஆடியது. மற்ற இரண்டு சுருள்களிலும் அதேதான். பிறகு அலுமாரியைத் திறந்து துருப்பிடிக்காத மேசைக்கத்தி ஒன்றை எடுத்தார். அருகில் கொண்டுபோனதுமே காந்தம் அதை 'டக்' என்று கவ்வியது.

"பாத்தீங்களா தம்பி? இதுவும் துருப்பிடிக்காத இரும்பு. ஒட்டுது. அதுவும் துருப்பிடிக்காத இரும்பாம். ஒட்டுதில்ல. ரெண்டுல ஒண்டு பொய். கத்திய நான் வருஷக்கணக்கா விக்கிறேன்."

பக்கத்துப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார். அவர் சிங்களவர், எங்களோடு தமிழில் பேசுவார். ஒரு முழம் வெட்டித் தரச் சொன்னார் முதலாளி. பட்டறைக்காரர் துண்டை வெட்டி, அரத்தால் தேய்த்து, நுனியைப் பட்டடைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தார். வெட்டியதிலேயே அவருக்கு வேர்த்துவிட்டது.

"இது ஈயம் இல்ல முதலாளி. துத்தநாகம் எண்டா ஒடஞ்சி போகும். அரம்தான் தேயுது, இது தேயல்ல. என்ட அரத்துக்கு யாரு பதில் சொல்ற?"

"அப்ப என்ன சாமான் இது?"

"தெரியா. இரும்பவிட கெட்டி. ஆனா இரும்பு இல்ல, காந்தம் சொல்லுதுதானே."

அந்தக் காந்தத்தை நாங்கள் அவ்வளவு நம்பியிருந்தோம். கையில் கனத்தையும் கெட்டியையும் காட்டுகிற பொருளைவிட, கயிற்றில் தொங்குகிற அதன் பேச்சே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஏஜன்ட் ஐயா வந்தார். சுருள்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. டீமேக்கரும் அன்று வந்திருந்தார், பட்டறைக்காரரும் நின்றார், வாங்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். முதலாளி காந்தத்தைப் பட்டியில் வைத்துக் கையை எடுத்தார்.

அது ஆடியது. கடையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க ஐயா. இரும்பு எண்டு சொல்லித்தானே ஓடர் வாங்கினீங்க?"

"உருக்கு முதலாளி. துருப்பிடிக்காத உருக்கு."

"உருக்கு எண்டா இரும்புதானே? இரும்பு எண்டா காந்தத்துக்குத் தெரியாதா?"

ஏஜன்ட் ஐயா குடையைச் சாத்தி வைத்தார். தானே காந்தத்தைப் பிடித்து வைத்துப் பார்த்தார். மறுபடியும் காந்தம் வழுக்கியது.

"எனக்கு உது தெரியாது முதலாளி. ஆனா நான் பொய் சொல்லேல்லை."

"நீங்க சொல்லல்ல எண்டா ஒங்கட கம்பனி சொல்லுது. ஒரு ஆள் பொய்யன். யாரு எண்டு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கொள்ளுங்க!" அந்தப் பெரிய குரல் தெருவுக்குப் போனது. எதிர்க் கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டீமேக்கர் வேறு, "தொரை என்னைய என்னான்னு கேப்பாரு? ஈயத்தைக் கொண்டாந்து தேயிலையில வைக்கப் பாத்தீங்களேன்னு கேப்பாரே!" என்றார்.

கம்பனியிடம் விசாரித்து அடுத்த செவ்வாய் பதில் கொண்டுவருவதாக ஏஜன்ட் ஐயா கேட்டுப் பார்த்தார். முதலாளி அசையவில்லை. பட்டி அடுத்த வாரச் சரக்கு ரயிலில் திரும்பிப் போகும். கம்பனிக்குக் கடிதமும் போகும். அவ்வளவுதான்.

குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர் என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, நான் கோத்து வைத்திருந்த தகரச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"தம்பி, போன மாசம் எங்கட கந்தோரில நாலு பேரை நிப்பாட்டிப்போட்டினம். மிச்சம் நிக்கிறது நானும் இன்னொருத்தரும். உந்தப் பட்டி திரும்பிப் போனா, நானும் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். அம்பது வயசில ஆர் வேலை தரப்போறான்? சரி, நான் வாறன்."

அன்று மத்தியானம் முதலாளி சொல்லச் சொல்ல நான் கடிதத்தை எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கடையின் கடிதமெல்லாம் நான்தான் எழுதுவேன். உங்கள் ஏஜன்ட் இரும்பு என்று சொல்லி இரும்பல்லாத ஒன்றை எங்களுக்கு விற்கப் பார்த்தார், இனி இந்த ஆளை எங்கள் கடைக்கு அனுப்ப வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வடிவாக எழுதினேன். முதலாளி ஒப்பமிட்டார். நாளைக் காலை தபாலில் போடு என்றார்.

புதன்கிழமை காலை தபால் கந்தோரைத் தாண்டித்தான் கடைக்கு நடந்தேன். போட மறந்தேன் என்று சொன்னால் பொய். கை சட்டைப்பைக்குப் போகவில்லை. மத்தியானம் போடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சுருள்களைத் திருப்பி அனுப்பச் சாக்குச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். சாக்கு இழுபட்டு ஆணிப்பெட்டி ஒன்று கவிழ்ந்தது. வழக்கம்போலக் காந்தத்தைக் கழற்றிக் கொண்டுவந்து தரையில் ஓட்டினேன். ஆணிகள் கொத்தாக ஏறின. பட்டறைக்காரர் வெட்டிய அந்த ஒரு முழத் துண்டும் அங்கேதான் கிடந்தது. காந்தம் அதன் பக்கமாகப் போனபோது துண்டின் நுனி தரையில் மெல்லச் சுழன்றது.

என் கை தட்டியதாக நினைத்தேன். ஆணிகளை உதறிவிட்டு மறுபடி வைத்தேன். நேரான பகுதியில் ஒன்றுமில்லை, வழக்கம்போல வழுக்கியது. சுத்தியலால் தட்டி வளைத்த நுனிக்குப் போனதும் ஒரு சின்ன இழுப்பு. மேலே தூக்கினேன். துண்டு காந்தத்தோடு ஒரு சாண் எழும்பி வந்து, பிறகு விழுந்தது. தூக்கம் வரும் குழந்தை நம் விரலைப் பிடித்திருக்குமே, அவ்வளவுதான் பிடி. ஆனால் பிடி. ஈயத்தை எவ்வளவு தட்டினாலும் காந்தம் அதைப் பிடிக்காது.

எப்படி என்று எனக்குத் தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகு படித்த ஒருவர் சொன்னார்: அந்த வகை உருக்கில் வேறு உலோகங்கள் கலந்திருப்பதால் காந்தத்துக்கு அடங்காது, குளிர்ந்த நிலையில் அடித்து வளைத்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் அடங்கும் என்று. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இதற்குள் இரும்பு இருக்கிறது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. முன்னால் ஆட்கள் நின்றார்கள். ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்லிவிட்ட முதலாளியிடம், நீங்கள் சொன்னது பிழை என்று நான் எப்படிப் போய் நிற்பது? வியாழக்கிழமையும் சொல்லவில்லை. கடிதம் சட்டைப்பையில் இருந்தது. ஒவ்வொரு முறை குனியும்போதும் மடிப்பு நெஞ்சில் குத்தியது. ஒரு சின்னப் பிடியை வைத்துக்கொண்டு பேசினால் போதாது, முதலாளி ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவார் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி ஜும்ஆத் தொழுகைக்குப் போய்க் கடை பூட்டியிருந்த நேரத்தில், ஹந்தானை ஏற்றத்தில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த என் அக்காவிடம் நடந்தேன். அவள் கொழுந்து எடுப்பவள். பச்சைக் கொழுந்தை வெட்டிய கத்தியைக் கழுவாமல் வைத்தால் மை பூசியதுபோல் கறுக்கும் என்பது எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். லயத்துக் கோடியில் தானாக முளைத்துக் கிடந்த செடியில் ஒரு பிடி கேட்டேன்.

"பச்சக் கொழுந்து எதுக்குடா? டவுனுல தேத்தண்ணி கெடைக்கலையா?"

"இரும்புக்குக் கட்டணும்."

"இரும்புக்குக் காயமா? நல்லாத்தான் போச்சு. கல்யாணம் கட்டச் சொன்னா இரும்புக்கு மருந்து கட்டுறான்," என்று சிரித்துக்கொண்டே பறித்துக் கொடுத்தாள்.

கொழுந்தைக் கசக்கி மூன்று பங்காக்கினேன். பெட்டிக்கு அடிக்கும் இரும்புப் பட்டியில் ஒரு துண்டு, துருப்பிடிக்காத கத்தி, புதுப் பட்டியில் வெட்டிய துண்டு. மூன்றையும் ஈரத் துணியில் தனித்தனியாகக் கட்டிக் கடையின் பின்னறையில் வைத்துவிட்டுப் போனேன்.

சனிக்கிழமை, கடை திறக்கும் முன்னரே, என்னிடம் இருந்த பின்கதவுச் சாவியால் உள்ளே வந்து துணிகளை அவிழ்த்தேன். இரும்புத் துண்டு கரிபோலக் கறுத்திருந்தது. கத்தியில் அங்கங்கே புள்ளி. புதுப் பட்டியை விரலால் துடைத்தேன். வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் காந்தம். அதற்குப் பக்கத்தில், முடிவு பண்ணிவிட்டேன், தபாலில் போடாத கடிதம்.

முதலாளி வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேசையைப் பார்த்தார்.

"எனத்தயன் இது? கடையா, வைத்தியசாலையா?"

என் காது சுடத் தொடங்கியது. எப்படியோ சொன்னேன். "கொழுந்துச் சாறு கட்டி வச்சேன் முதலாளி. அப்புறம்... காந்தத்த வளைஞ்ச எடத்துல வச்சுப் பாருங்க."

வைத்தார். துண்டின் நுனி எழும்பியது. கையை எடுத்து, அங்கியில் துடைத்து, மறுபடி வைத்தார். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. கடைசியில் துண்டைக் கீழே வைத்துவிட்டு, கறுத்த இரும்பைத் தொட்டு, கறுப்பு ஏறிய தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பெரிய குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்ப கண்டீங்க?"

"புதன்கெழம."

"மூணு நாளா ஏன் சொல்லல்ல?"

"வெக்கமா இருந்துச்சு முதலாளி."

"கடிதம்?"

"அதுவும் வெக்கமாத்தான் இருந்துச்சு."

ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அல்லாஹ் ஒங்களுக்கு வெக்கத்தக் குடுத்து எனக்கு ஒரு பாவத்தத் தடுத்திருக்கிறான் தம்பி!" சிரித்து முடித்ததும் முகம் மறுபடி கனத்தது. "அந்த மனிசன்ட சோத்துல நான் கை வச்சிருப்பேன். தெரிஞ்சும் இல்ல, தெரியாமயும் இல்ல. காந்தத்த மட்டும் நம்பி."

தந்தி அடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"பட்டி திரும்பாது, செவ்வாய் வாங்க எண்டு மட்டும் அடிங்க. மனிசன் நிம்மதியாத் தூங்கட்டும். மாப்பு மட்டும் தந்தியில கேக்க ஏலாது. நான் கத்தினது கடை நெறஞ்ச சனத்துக்கு முன்னால. தந்தியில கேட்டா தந்திக்காரனுக்கு மட்டும்தான் கேக்கும்."

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமையைப் போல ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. முதலாளி காலையிலேயே பட்டறைக்காரரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். டீமேக்கருக்கு ஆள் அனுப்பியிருந்தார். எதிர்க் கடை வெற்றிலைக்காரரைக்கூட, "அன்டைக்கு நீங்களும் கேட்டீங்கதானே, வாங்க," என்று இழுத்து வந்தார். இருந்த கதிரைகளையெல்லாம் கடைக்குள் போட்டு, நடுவில் ஒன்றைக் காலியாக வைத்தார். யாராவது உட்காரப் போனால், "அது ஏஜன்ட் ஐயாக்கு," என்றார்.

ஏஜன்ட் ஐயா வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு கிழமையில் முகம் வற்றியிருந்தது. முதலாளி கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தார். தான் உட்காரவில்லை. அன்று எந்தக் குரலில் பொய்யன் என்றாரோ, அதே குரலில், தெருக்கோடி வரை கேட்கச் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்க. போன செவ்வாய் இந்த மனிசன நான் பொய்யன் எண்டு சொன்னேன். இந்த மனிசன் சொன்னது உண்மை. பிழை என்ட. தெரியாத சாமானத் தெரியாது எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. மாப்புக் கேக்கிறேன் ஐயா."

பிறகு துண்டை எடுத்து வளைந்த நுனியில் காந்தத்தை வைத்துக் காட்டினார். பட்டறைக்காரர், "அது நான் தட்டின எடம்! என்ட சுத்தியல்தான் அத இரும்பாக்கிச்சி!" என்று கத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டீமேக்கர் கறுத்த துண்டையும் கறுக்காத துண்டையும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, "மூணு சுருளையும் நம்ம தோட்டத்துக்கே ஏத்துங்க நானா," என்றார்.

ஏஜன்ட் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"உவ்வளவும் ஏன் முதலாளி? நானும் உந்தக் காந்தத்தை நம்பிப்போட்டனே. தந்தி வாற வரைக்கும் நான் பொய்யனோ எண்டு எனக்கே ஐமிச்சமாப் போச்சு. வீட்டில மனிசி என்ன எண்டு கேட்டவ, சொல்லப் பயந்து காய்ச்சல் எண்டு படுத்திட்டன்."

முதலாளி அத்தோடு விடவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. "இத ஒளிச்சா என்ட மாப்பு முழுசா இரிக்காது. வாசிங்க. இது ஒங்கட கம்பனிக்குப் போகாம நிண்டது என்ட நல்ல குணத்தால இல்ல."

ஏஜன்ட் ஐயா கடைசி வரி வரை நிதானமாக வாசித்தார். தலையை நிமிர்த்தி, "நல்ல வடிவான எழுத்து. ஆரிட கை?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டிச் சுருளுக்குப் பின்னால் நின்றிருந்த நான், "என்னோடது ஐயா," என்றேன்.

"எழுதினதும் நீர். அனுப்பாம வச்சிருந்ததும் நீரோ?"

தலையாட்டினேன்.

"அப்ப சரி," என்றார். கடிதத்தை நாலாக மடித்துத் தன் படப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. பிறகு முதலாளியிடம், "அந்த வளைஞ்ச துண்டை எனக்குத் தருவியளே?" என்று மட்டும் கேட்டார்.

"துண்டும் எடுங்க, கதையும் எடுங்க. எந்தக் கடையில வேணும் எண்டாலும் சொல்லுங்க. அக்குறணையான் ஒருத்தன் மொக்கன், மடையன் ஆகிட்டான் எண்டே சொல்லுங்க!"

முதலாளி வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்தேன். ஏஜன்ட் ஐயா வேலையில் நிலைத்தார். பட்டி மலைநாட்டின் மற்ற ஊர்களுக்கும் போனது. சில வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள் கடை வேலையாக மாத்தளைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு இரும்புக் கடையில் தெரிந்த குரல் கேட்டது. அடுக்கியிருந்த வாளிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதே வெள்ளைக் கோட்டு. ஒரு கையில் அந்த வளைந்த துண்டு, மறு கையில் தனக்கென்று வாங்கிய புதுக் காந்தம். நேரான இடத்தில் முதலில் வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. கடைக்காரரின் முகம் சுருங்கியது.

"பாத்தியளே? இப்ப நீங்கள் என்னைப் பொய்யன் எண்டு நினைக்கிறியள். கண்டியில ஒரு முதலாளி வாயால சொல்லியே போட்டார். பிறகு கடை நிறைய ஆக்களைக் கூப்பிட்டு வச்சு, என்னைக் கதிரையில இருத்தி, தான் நிண்டுகொண்டு மன்னிப்புக் கேட்டவர். அப்பிடி ஒரு மனிசனை நான் காணேல்லை. அங்க ஒரு தம்பியும் நிக்கிறார். கதைக்கவே மாட்டார். ஆனா அவர்தான்..."

அதற்கு மேல் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வாளிகளில் இடித்துவிடாமல் மெல்லப் பின்னால் நடந்து தெருவுக்கு வந்தேன். கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், வாங்கப் போன தாழ்ப்பாளை வாங்காமலே வந்துவிட்டது ஞாபகம் வந்தது. முதலாளி ஏன் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அன்று கடை பூட்டும் வரை வருகிறவர்களிடமெல்லாம் அவரே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தான் மொக்கனான கட்டத்தைச் சொல்லும்போதுதான் குரல் இன்னும் உயர்ந்தது.